தராசும் துடிப்பும்

2024 ஆகஸ்ட் 6 அன்று பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று பேரை வென்றார். மறுநாள் காலை, 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல் என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இடைப்பட்ட இரவில் தண்ணீரைக் குறைத்து, உறங்காமல் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து, முடியையும் வெட்டிப் பார்த்தார்கள். தராசு 100 கிராமைச் சொன்னது. அந்த இரவில் அவர் உடம்பு பட்ட பாட்டைச் சொல்லத் தராசுக்குத் தெரியாது.

அதை ஓரளவு சொல்லும் அளவை ஒன்று விளையாட்டு அறிவியலில் இருக்கிறது. இதயத் துடிப்பு மாறுபாடு என்று பெயர். நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயம் நொடிக்கு ஒன்று என்று கடிகாரம் போல் அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி மில்லி விநாடிக் கணக்கில் கூடும், குறையும். ஓய்வெடுத்துத் தேறிய உடலில் இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகம். தூக்கம் கெட்டால், நீர் வற்றினால், மனம் நொந்தால் அது சுருங்கும். முன்னணிக் குத்துச்சண்டை, ஜூடோ, மல்யுத்த வீரர்கள் பலர் காலையில் மார்புப்பட்டை கட்டி இதை அளந்து, இன்று கடும்பயிற்சியா, இளைப்பாறலா என்று முடிவெடுக்கிறார்கள்.

இந்த எண்ணுக்கு எல்லை உண்டு. ஒருவரின் எண்ணை அவருடைய வழக்கமான எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இன்னொருவரோடு ஒப்பிடக் கூடாது. யார் ஜெயிப்பார் என்று அது சொல்லாது. ஏன் குறைந்தது என்றும் சொல்லாது. அதிகப் பயிற்சியும் அரைவயிறும் ஒரே மாதிரிப் பதிவாகக்கூடும்.

நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கையுறை மாட்டும் தலித் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வாய்க்கிறது? ஒற்றை அறை வீடு, மாலையில் பயிற்சி, இரவில் வேலை. இதோடு சாதி தரும் காயமும் சேரும். 2021 டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார் பதிவானது. இரண்டே நாளில் வெண்கலப் பதக்கப் போட்டியில் அவர் கோல் அடித்தார். அந்த நெஞ்சுரத்தை எந்தக் கருவி அளக்கும்?

மதிப்பெண்ணைக் காட்டியே நம் பிள்ளைகளிடம் ‘தகுதி’ பேசிய நாடு இது. நாளை தேர்வு முகாமில் துடிப்பின் எண்ணைக் காட்டி, "இந்தப் பையன் தாங்க மாட்டான்" என்று ஒதுக்க எவ்வளவு நேரமாகும்?

கருவி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண் வீரருக்கும் பயிற்சியாளருக்கும் மருத்துவருக்கும் உரியதாக இருக்க வேண்டும். தேர்வுக்குழுவின் மேசைக்கு அது போகக் கூடாது. எண் குறைந்தால் முதலில் கேட்க வேண்டியது, "ராத்திரி சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்பதுதான். விடுதியில் முட்டையும் பாலும் ஒழுங்கான படுக்கையும் தராமல் மார்புப்பட்டை மட்டும் வாங்கித் தந்தால், பிள்ளையின் பசியைத்தான் அது தினமும் அளந்துகொண்டிருக்கும்.