காலை ஏழு, மாலை ஏழு

மும்பை செம்பூரில் ஒரு மூன்றாவது மாடி ஃப்ளாட். பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய தாளில் இரண்டு பத்திகள்: காலை ஏழு, மாலை ஏழு. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக், பக்கத்தில் ஊசி போட்டவரின் முதல் எழுத்து. ஓய்வு பெற்ற வங்கி ஊழியரும் பள்ளி ஆசிரியையான அவர் மனைவியும்தான் வீட்டில். ஊசி இருவருக்கும் அல்ல, பதினோரு வயதுக் கடுவன் பூனைக்கு.

பூனைகளுக்கு வரும் சர்க்கரை வியாதி பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றதுதான். கருத்தடை செய்யப்பட்டு, வீட்டுக்குள்ளேயே தின்று தூங்கிப் பருத்த கடுவன்களைத் தேடி வருகிறது. இந்தப் பூனைக்கும் அப்படித்தான். கிண்ணத் தண்ணீர் மாயமாய் மறைந்தது. தின்றும் இளைத்தது. பிறகு ஜன்னல் திட்டுக்குத் தாவ முடியாமல், பின்னங்கால்களின் குதி தரையில் பட நடக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். மருத்துவமனை மேஜையில் பயத்தாலேயே பூனைக்குச் சர்க்கரை எகிறும் என்பதால், முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் நிலவரத்தைச் சொல்லும் ஃப்ரக்டோசமீன் பரிசோதனையையும் பார்த்த பிறகே டாக்டர் முடிவு சொன்னார். கிளார்ஜின் இன்சுலின், வேளைக்கு 1 யூனிட், 12 மணி நேர இடைவெளியில்.

"மனிதனுக்கே இன்சுலின் கிடைக்காத நாட்டில் பூனைக்கு ஒரு கேடா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கேட்டவர்கள் யாரும் ஊசி போடும் வேலையைப் பார்த்ததில்லை. அதில் கடினமானது குத்துவதல்ல. கழுத்துக்குப் பின்னாலோ விலாவிலோ தோலைக் கூடாரம் போலத் தூக்கி, மெல்லிய ஊசியைச் செருகினால் பூனை தட்டிலிருந்து தலையைக்கூட எடுப்பதில்லை. கடினமானது கணக்கு.

இந்தியாவில் பாட்டிலில் விற்கும் மனித இன்சுலின் வழக்கமாக மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. கிளார்ஜினோ மில்லிக்கு 100 யூனிட். அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டாவது மாதம் சிரிஞ்ச் தீர்ந்துபோய்க் கணவர் மெடிக்கல் கடைக்குப் போனார். கடைப் பையன் கொடுத்தது சிவப்பு மூடி. அவரும் பார்க்கவில்லை. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு என்பது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. கிளார்ஜினை அதில் எடுத்தால் ஒரு கோட்டில் இரண்டரை யூனிட் ஏறும்.

மதியம் ஒரு மணிக்குப் பூனை குடித்தவனைப் போலத் தள்ளாடியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. காதோரத்தைக் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை 41. (மனிதர்களுக்கான குளூக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். அதற்காக இந்த எண்ணை அலட்சியம் செய்ய முடியுமா?) மனைவி தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினார். வாயில் ஊற்றினால் புரையேறும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். கொஞ்சம் தெளிந்ததும் உணவு, பிறகு டாக்ஸியில் மருத்துவமனை. பிழைத்துக்கொண்டது.

அன்றிரவே தாளின் கீழே சில வரிகள் சேர்ந்தன. ஆரஞ்சு மூடி மட்டும். சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டருக்குப் போன். ஊசி பாதி வெளியே கசிந்ததோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒருவேளை சர்க்கரை ஏறியிருப்பது ஒரு பொழுதில் கொல்லாது, இறங்கிப் போவது கொல்லும். டிக் இல்லாமல் அடுத்தவர் ஊசியைத் தொடக் கூடாது என்பது மனைவி சேர்த்தது.

இன்னொரு சிக்கல் தட்டில். "எங்கள் பூனை தயிர்சாதம்தான் சாப்பிடும்" என்பது அந்தச் சைவக் குடும்பத்தின் பல வருடப் பெருமை. பூனையின் உடலோ மாமிசத்துக்காக அமைந்தது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும். இன்சுலின் தேவையும் சட்டென்று இறங்கும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றுவது ஆபத்து. மீன் டின்கள் இப்போது பால்கனி அலமாரியில் இருக்கின்றன, சமையலறைக்குள் அனுமதி இல்லை. அதைத் திறக்கும் வேலை கணவருடையது, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

2022, 2023-இல் அமெரிக்காவில் பூனைகளுக்கு வாய்வழி மருந்துகள் இரண்டு அங்கீகாரம் பெற்றன. ஆனால் அவை ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைகளுக்கு அல்ல. இதற்கு ஊசிதான். சீக்கிரமே தொடங்கி, உணவும் கட்டுப்பட்டால் சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. ஐந்தாம் மாதத்தில் டாக்டர் அளவை அரை யூனிட்டாகக் குறைத்திருக்கிறார். அரைக் கோடு போட்ட சிரிஞ்சைத் தேடிக் கணவர் மாட்டுங்கா வரை அலைந்தார்.

திருச்சியில் மனைவியின் தம்பி மகளுக்குக் கல்யாணம். ஒரு டிக்கெட்தான் எடுத்தார்கள். தாளில் அந்த நான்கு நாட்களுக்கும் ஒரே எழுத்து.