எடை போடுகிறவர்களும் அளக்கிறவர்களும்

பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று விதமான பதில்கள் வரும். "கிலோ என்ன ரேட் சொல்றான்?" என்பது முதலாவது. "அந்தக் காலத்து இரும்பு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்பது இரண்டாவது. "இப்ப எல்லாமே சிஎன்சி. இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?" என்பது மூன்றாவது. முதலாவதைக் காயலாங்கடைக்காரர் சொல்வார், இரண்டாவதை ஓய்வுபெற்ற பெரியப்பா சொல்வார், மூன்றாவதைப் பக்கத்து சீட்டில் கோட் அடிக்கும் நண்பர் சொல்வார். கேட்பதற்கு ஒருவரை ஒருவர் மறுப்பதுபோல இருக்கும். என்னைக் கேட்டால் மூவரும் ஒரே கட்சி. ஒரு மெஷினை அளந்து பார்க்காமலேயே அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று நம்புகிற கட்சி. நம் ஊரில் அதுதான் எப்போதும் ஆளுங்கட்சி.

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். சனி, ஞாயிறுகளில் இரும்பு வேலை கற்றுக்கொள்கிறேன். அதனால் விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி விளக்கம். லேத்தில் இரும்பு சுற்றும், உளி நகரும். மில்லிங்கில் கட்டர் சுற்றும், மேசையில் கட்டிவைத்த இரும்பு நகரும். உருண்டை வேலைகள் லேத்துக்கு. தட்டையான முகம், பள்ளம், பல் ஆகியவை மில்லிங்குக்கு.

காரைக்கால் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சரக்கும் பெட்ரோலும்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் படித்தவர்களுக்கு அம்மையாரும் மாங்கனியும். இங்கே இரும்பு வேலைக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடையில் ஒருமுறை வந்து பார்க்கலாம். அது 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரிப் படகுகளெல்லாம் கரையில் நிற்கும். இன்ஜின் இறங்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்று வரும், லேத் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. ஷாஃப்டைக் கடைந்து வாங்கிவிடலாம். அதில் ஒரு கீவே வெட்ட வேண்டுமென்றால்தான் திண்டாட்டம். மில்லிங் உள்ள பட்டறையைத் தேடி அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் ஷேப்பரில் ஒப்பேற்றுவார்கள். பள்ளம் கொஞ்சம் கோணினாலும் கீயின் ஒரு பக்கமே பாரம் முழுவதையும் தாங்கும். அது கரையில் உடையாது, கடலுக்குப் போய்த்தான் உடையும்.

டெல்டாவுக்கும் இயந்திரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும் வரலாறு தெரியாத பேச்சு. இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் நாகப்பட்டினத்தில்தான் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை இருந்தது. 1928இல் அது திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்குப் போனது. அதே ஆண்டில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, சிங்காரவேலர் சிறைக்குப் போனார். வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பணிமனையோடு இந்தக் கடற்கரையை விட்டுப்போன கைத்திறனைப் பற்றி யாரும் அழுததாகத் தெரியவில்லை. நெல்லுக்கு அழத் தெரிந்த நமக்கு இரும்புக்கு அழத் தெரியாது.

முதல் பதிலுக்கு வருகிறேன். எடைக்கு வாங்கினால் நஷ்டமில்லை என்கிறார்கள். ஒரு மில்லிங் மெஷின் சாதாரணமாக ஒரு டன்னை ஒட்டி இருக்கும், பெரியது அதற்கும் மேலே போகும். இருபது வருடம் ஓடித் தேய்ந்ததில் அது இழந்த இரும்பு எவ்வளவு? சில கிராம்கள். மேசை வழுக்கிப்போகும் பாதையில் மயிரிழைத் தடிமனுக்குக் கரைந்திருக்கும், ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் போயிருக்கும். அந்தச் சில கிராம்கள்தான் மெஷினுக்கும் இரும்புக்குமான வித்தியாசம். எடைமேடையில் அது தெரியவே தெரியாது. ஆக எடை பேசுகிறவர் மெஷினில் முக்கியமான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியெல்லாவற்றுக்கும் விலை பேசுகிறார். தேய்ந்த மெஷின் எடை விலைக்குக் கிடைத்தாலும் அது மலிவு இல்லை. கிரேன் வாடகை, லாரி, த்ரீ ஃபேஸ் கரன்ட் அல்லது விஎஃப்டி, வைஸ், கட்டர்கள் என்று அதற்கும் முழுச் செலவு உண்டு. இதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. நல்ல மெஷினும் அதே விலைக்கு உடைபட்டு உலைக்குப் போகிறது. அளந்து பார்க்க ஆளில்லாததால் மட்டுமே உருகிப்போன மெஷின்கள் எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

இரண்டாவது பதில் இதற்கு நேரெதிர்போல நடிக்கும். எச்எம்டி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கியது எச்எம்டி. 1961இல் ஜெர்மன் கூட்டோடு பாரத் ஃப்ரிட்ஸ் வெர்னர் வந்தது. நல்ல மெஷின்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகை தேய்வதில்லை, பாதைதான் தேய்கிறது. ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு மெஷின்களில் ஒன்று பயிற்சிக்கூடத்தில் துணி போர்த்தி நின்றிருக்கும். இன்னொன்று இரண்டு ஷிஃப்ட் ஓடி, எண்ணெய் பார்க்காமல், ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்து நடுவில் குழிந்திருக்கும். துல்லியம் இரும்பின் பரம்பரைக் குணமல்ல. 1840இல் கிளாஸ்கோவில் ஜோசப் விட்வொர்த் படித்த கட்டுரை சமதளமான உலோகப் பரப்பைப் பற்றியது. இன்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இது: மூன்று இரும்புத் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், மை தடவி ஒன்றை மற்றொன்றோடு மாறி மாறி ஒப்பிடுங்கள், மேடு தெரிகிற இடத்தைக் கையால் சுரண்டுங்கள். இரண்டு தட்டு மட்டும் இருந்தால் ஒன்றின் மேடு மற்றதன் குழியில் பொருந்தி ஏமாற்றிவிடும். மூன்றாவது வந்தால் பொய் நிற்காது. திரும்பத் திரும்பச் சோதித்ததில்தான் துல்லியம் பிறந்தது. அதை வெறும் பக்தியாக்கிக் கும்பிடுவது அந்தச் சோதனைக்குச் செய்கிற அவமரியாதை.

மூன்றாவது பதில் என் சொந்த ஜாதிக்காரர்களுடையது, மென்பொருள்காரர்கள். சிஎன்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பீஸ் ஒரே மாதிரி வேண்டுமென்றால் அதுதான் வழி. ஆனால் சிஎன்சியிலும் மேசை பாதையில்தான் ஓடுகிறது, ஸ்க்ரூதான் தள்ளுகிறது, இரண்டும் தேயும். திரையில் மூன்று தசமம் காட்டுவதால் இரும்பு அந்த இடத்தில் நிற்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு படகுக்கு ஒரு கீவே வெட்டக் கைப்பிடி சுற்றும் மெஷின் போதும். புதிதாகக் கற்கிறவனுக்கு இன்னொன்றும் கிடைக்கும். கட்டர் இரும்பைக் கடிப்பது கைப்பிடி வழியாகக் கைக்கு வரும். லாக் பார்க்காமல் சர்வரில் கை வைக்காத நாம், மெஷின் விஷயத்தில் மட்டும் அளக்காமல் கருத்துச் சொல்வது எப்படி?

சரி, அளப்பது என்றால் என்ன? நிலம் வாங்கும்முன் வில்லங்கம் பார்ப்பதைப் போன்றதுதான்.

புது பெயின்ட் அடித்திருந்தால் அதைப் பார்க்காதீர்கள். கூட ஒரு டயல் கேஜும் டார்ச்சும் இருக்கட்டும். மேசையின் கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மேசை நகரத் தொடங்கும்வரை டயலில் எவ்வளவு சும்மா போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் பேக்லாஷ். அது இருப்பது குற்றமில்லை, எல்லா மெஷினிலும் உண்டு. அதையே மேசையின் ஓரத்திலும் பாருங்கள். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் வந்தால் ஸ்க்ரூ நடுவில் தேய்ந்திருக்கிறது. நட்டை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது பாதை. மேசை நடுவில் இருக்கும்போது ஜிப்பை ஆட்டமில்லாமல் இறுக்கி, பிறகு இரண்டு ஓரத்துக்கும் ஓட்டுங்கள். ஓரத்தில் பிடித்துக்கொண்டால் நடுப்பாதை குழிந்துவிட்டது. ஜிப் வழக்கமான இறுக்கத்தில் இருக்கையில் மேசையை ஓரத்துக்குத் தள்ளி அதன் நுனியைக் கையால் தூக்கியும் பாருங்கள். கேஜின் முள் எவ்வளவு ஆடுகிறது என்பதே பதில். பாதையில் கையால் சுரண்டிய பிறைக் குறிகள் தெரிந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் விற்பதற்காக அவற்றைப் புதிதாகப் போடுகிறவர்களும் உண்டு. கண்ணை நம்பாமல் கேஜை நம்புங்கள்.

பிறகு ஸ்பிண்டில். உள்ளே இருக்கும் டேப்பரில் கேஜின் நுனியை வைத்து மெதுவாகக் கையால் சுற்றுங்கள். 0.02 மில்லிமீட்டருக்குள் ஆடினால் ஆரம்பக்காரருக்குத் தாராளம். எல்லா ஸ்பீடிலும் ஓட்டச் சொல்லுங்கள். விற்பவர் சில ஸ்பீடைத் தவிர்த்தால் அந்தப் பல்சக்கரம்தான் உங்களுக்கு முக்கியம். மேல் ஸ்பீடில் இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பேரிங் பக்கம் கையை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நகர்ந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகும் அளவு தீராது, அதுவும் நம் ஊரில். கடற்காற்று எண்ணெய் காய்ந்த ஒரே வாரத்தில் பாதையில் செந்தூரம் பூசிவிடும். தளத்துக்குக் கீழே டெல்டாக் களிமண், கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். தையில் லெவல் பார்த்து நிறுத்திய மெஷினை ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்கு வருட இன்ஜினியரிங் இல்லை. முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் சீனியர் அறுத்துக் கொடுத்த இரும்புத் துண்டே பல வகுப்புகளுக்கு மார்க் வாங்கித் தந்தது, எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர், ஊரில் எல்லோருக்கும் பாய். மெஷின் பார்க்க அவரைக் கூட்டிப்போனேன். இரண்டை வேண்டாமென்றார், மூன்றாவதற்குத் தலையாட்டினார். பத்திரம் பார்க்க வக்கீலுக்கு எவ்வளவு கொடுப்பேனோ அவ்வளவு கொடுத்தேன். "எதுக்கு தம்பி இதெல்லாம், ஒரு டீ போதாதா?" என்றார்.

என் கோபம் அந்த டீயின் மீதுதான். காகிதத்தைப் படித்து வில்லங்கம் சொல்கிறவருக்கு ஃபீஸ். இரும்பைப் படித்து வில்லங்கம் சொல்கிறவருக்கு டீ, கூடவே ஒரு வடை. ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கும் நாம், ஐடிஐ படித்த பையனுக்குப் பெண் கொடுக்க யோசிப்போம். கையில் எண்ணெய் படாத படிப்புதான் படிப்பு என்று மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். இப்போது மெஷினை அளக்க ஆள் தேடுகிறோம். பாதையைச் சுரண்டிச் சமமாக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கைகளும் போன பிறகு, எந்த மெஷின் நல்லது என்று சொல்ல ஊரில் எடைமேடை மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே புதிதாக இரும்பு வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பழைய மெஷினைத் தாராளமாக வாங்குங்கள். எடை கேட்காதீர்கள், பெயர்ப்பலகைக்குக் கும்பிடு போடாதீர்கள். முதல் பணத்தை டயல் கேஜுக்குச் செலவழியுங்கள், இரண்டாவது பணத்தை அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள். டீயைத் தனியாக வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம்.