ராத்திரி இரண்டு மணி வேலை

கணினியில் பேக்கப் தானாக ஓட எந்த நேரம் குறிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணி என்றுதான் பலரும் சொல்வார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம். ஆனால் அந்நேரத்தில் வீட்டுக் கணினியை யார் ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள்?

இரவு பகலாக ஓடும் பெரிய இயந்திரங்களின் பழக்கம் இது. 1979-இல் வந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் பிரையன் கெர்னிகன் எழுதிய ‘கிரான்’ இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பட்டியலைப் பார்க்கும். அந்த நிமிடத்துக்கென்று வேலை இருந்தால் ஓட்டும், இல்லையென்றால் மறுபடி படுத்துக்கொள்ளும். இயந்திரமே அணைந்து கிடந்தால் என்ன செய்வது என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

அதே கிரானை ஆப்பிள் தன் மேக் கணினிகளிலும் வைத்தது. பழைய பதிவுக் கோப்புகளைத் துப்புரவாக்கும் வேலை தினமும் அதிகாலை 3.15-க்கு, வார வேலை சனிக்கிழமை 4.30-க்கு, மாத வேலை ஒன்றாம் தேதி 5.30-க்கு. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுத் தூங்குகிறவர் வீட்டில் இவை ஒருநாளும் நடக்கவில்லை. விட்டுப்போன வேலையை ஓட்டிக்கொடுக்கவே ‘மேக்ஜானிட்டர்’ என்று தனி மென்பொருள் வந்தது! 2005-இல் டைகர் பதிப்போடு வந்த ‘லாஞ்ச்டி’ கொஞ்சம் விவரமானது. உறக்கத்தில் தவறிய வேலையைக் கணினி விழித்ததும் ஓட்டிவிடும். நான்கு முறை தவறியிருந்தாலும் ஒரே முறைதான்.

விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இதற்கு ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: குறித்த நேரம் தவறினால், முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று. அதில் நாமாக டிக் போட வேண்டும். பக்கத்திலேயே ‘கண்டிஷன்ஸ்’ பகுதியில், மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கு என்பதற்கு அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோவது இதனால்தான். எனக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகப் படுகிறது.

அதற்காக எல்லா வேலைக்கும் அந்த முதல் டிக்கைப் போட்டுவிடக் கூடாது. பேக்கப் காலையில் ஓடினாலும் பேக்கப்தான். ராத்திரி பதினொன்றுக்குக் கணினியை அணைக்கும் வேலையை யோசியுங்கள். பத்து மணிக்கே நீங்கள் அணைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். காலையில் போட்டதும் நேற்றைய பாக்கியை முடிக்கிறேன் என்று அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், பேக்கப்புக்கு மதியம் ஒன்றரை மணி உத்தமம். கணினி ஓடிக்கொண்டிருக்கும், ஆள் சாப்பிடப் போயிருப்பார். வாரம் ஒருமுறை டாஸ்க் ஷெட்யூலரில் ‘லாஸ்ட் ரன் டைம்’ என்ற பத்தியில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் தானியங்கி ஆக்கலாமே என்று கேட்காதீர்கள்.