விருந்தினர் மூவர், வீட்டார் எண்மர்



"பள்ளி ஆண்டுமலரில் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் நான் எழுத வந்தது யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதைப் பற்றியன்று. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் ஒரு செயலைப் பற்றி, அதாவது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுதுகிறேன். தக்கவரைத் தேர்ந்து அவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். நாட்டை ஆள்வோருக்கு அவர் சொன்னது பதினொருவர் கொண்ட அணிக்கும் பொருந்தும் அன்றோ?

ஒவ்வோர் ஆண்டும் ரஞ்சி கோப்பைப் பந்தயங்கள் தொடங்குமுன் புதுச்சேரி அணியின் பட்டியல் வெளியாகும். அதைக் காணும் எங்களைப் போன்ற ரசிகர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்பதுதான். இது குறுகிய மனப்பான்மையால் எழும் கேள்வியா, நியாயமான கேள்வியா? சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

நம் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1954 நவம்பர் முதல் நாள் வரை ஆட்சி அவர்கள் கையில் இருந்தது. கிரிக்கெட்டோ ஆங்கிலேயர் கொண்டு வந்த ஆட்டம். 1934-இலேயே ரஞ்சிப் பந்தயம் தொடங்கிவிட்டது. சென்னை மாகாணம் அன்றே அதில் ஆடியது. இங்கோ கால்பந்தும், இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்கும்தாம் செல்வாக்குப் பெற்றன. புதுச்சேரிக்கெனத் தனி ரஞ்சி அணி அமைந்தது 2018-இல்தான். அவ்வாண்டு பீகார், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள் உள்ளிட்ட ஒன்பது புதிய அணிகள் ஒரே சமயத்தில் இடம் பெற்றன. அவற்றுள் நம் அணியும் ஒன்று. எண்பது ஆண்டுகள் பிந்தி ஓடத் தொடங்கியவன், முன்னே ஓடுபவனை எட்டிப் பிடிக்கத் துணை தேடுவது இயல்பே.

அந்தத் துணைக்கு விதியிலும் இடம் உண்டு. ஒரு மாநில அணி வெளி மாநிலத்து ஆட்டக்காரர் மூவரை விருந்தினராகச் சேர்த்துக் கொள்ளலாம் என்று கிரிக்கெட் வாரியம் அனுமதித்துள்ளது. மற்றவர்கள் இங்கே பிறந்தவராகவோ, குறித்த காலம் இங்கே தங்கிப் படிப்பவராகவோ பணிபுரிபவராகவோ இருத்தல் வேண்டும். ஆக, விருந்தினர் மூவர், வீட்டார் எண்மர் என்பதே கணக்கு.

இக்கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை முதலாண்டிலேயே கண்டோம். 2018 செப்டம்பரில் விஜய் ஹசாரே கோப்பைப் பந்தயம் தொடங்கிய வேளையில், நம் அணியில் சேர்க்கப்பட்டிருந்த வெளியூர் ஆட்டக்காரர் எண்மரின் பதிவை வாரியம் நீக்கிவிட்டது. அவர்கள் இடத்துக்கு அவசரம் அவசரமாக வேறு ஆட்களைத் தேட வேண்டியதாயிற்று. பந்தி தொடங்கிய பிறகு இலையை எடுத்தது போன்ற நிலை! சென்றவர்களுக்கும் வருத்தம்; ஆயத்தமின்றிக் களமிறங்கியவர்களுக்கும் சங்கடம்.

விருந்தினரே வேண்டாம் என்று நான் வாதிட மாட்டேன். 2011 கணக்கெடுப்பின்படி நம் நான்கு பகுதிகளின் மக்கள்தொகை ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம். தமிழ்நாட்டின் மக்கள்தொகையோ ஏழு கோடிக்கு மேல். சிறிய குளத்தில் பெரிய மீன்கள் குறைவாகத்தான் இருக்கும். 2024 ஜனவரியில் டெல்லிக்கே சென்று டெல்லி அணியை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் நம் அணி தோற்கடித்தது நினைவிருக்கிறதா? அவ்வாட்டத்தில் இரு இன்னிங்சிலுமாகப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்திய கௌரவ் யாதவ், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர். அவருக்கு நாம் நன்றி பாராட்டாவிட்டால் அது பண்பாகாது.

ஆனால் விருந்தினர் வருவது எதற்காக? வெற்றியை வாங்கித் தருவதற்கு மட்டுமா, வெல்லும் வகையைக் கற்றுத் தருவதற்கா? இங்குதான் நாம் மற்ற மாநிலங்களைப் பார்த்துப் பாடம் பெற வேண்டும்.

நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட விதர்ப்பா அணி சுமார் அறுபது ஆண்டுகள் ரஞ்சியில் ஆடியும் கோப்பையைத் தொட்டதில்லை. 2017-18 பருவத்தில் முதன்முறையாக வென்றது. மும்பையின் வாசிம் ஜாஃபர், கர்நாடகத்தின் கணேஷ் சதீஷ் போன்ற விருந்தினர் அணியில் இருந்தது உண்மை. ஆயினும் தலைவர் ஃபைஸ் ஃபசல் அந்த மண்ணின் மைந்தர். இறுதி ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்த ரஜனீஷ் குர்பானியும் அங்கே உருவானவரே. மறு ஆண்டும் அவ்வணி வென்றது. 2024-25-இல் மூன்றாம் முறையும் வென்றது. அதற்கு முன்னர் 2010-11-இல் ராஜஸ்தான், ரிஷிகேஷ் கனித்கர், ஆகாஷ் சோப்ரா என்னும் அனுபவசாலிகளை அழைத்துக் கொண்டு முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அதே பருவத்தில்தான் தீபக் சாஹர் என்னும் உள்ளூர் இளைஞர் பத்தே ஓட்டங்கள் கொடுத்து எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஐதராபாத் 21 ஓட்டங்களில் சுருண்டது. மூத்தவர் வழிகாட்ட, இளையவர் நடந்தனர். விருந்தாளி சமைத்துக் காட்டினார். வீட்டுப் பெண்ணும் சமையலைக் கற்றுக் கொண்டாள் என்று நம் வழக்கில் சொல்லலாம்.

விருந்தினர் மூவரோடு நின்றால் நன்று. வீட்டார்க்குரிய எட்டு இடங்களிலும் வேறு வழியாக வெளியூரார் வந்து அமர்ந்தால் வீட்டுப் பிள்ளைகள் எங்கே அமர்வது? வெளியூர் ஆட்டக்காரர்கள் இங்கே முகவரி காட்டி உள்ளூர்க்காரராகச் சேர்க்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2025 டிசம்பரில் நாளேடுகளில் இடம்பெற்றது. அது மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அத்தகைய ஐயம் எழுவதே நம் ஊர்ச் சிறுவர் சிறுமியரின் ஊக்கத்தைக் கெடுக்கும். விடியுமுன் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக் கொண்டு, பாகூரிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் பேருந்து ஏறிப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்கு, "நான் நன்றாக ஆடினால் எனக்கு ஓர் இடம் உண்டு" என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை போனால் துத்திப்பட்டு மைதானத்தின் பச்சைப் புல்வெளி எவ்வளவு அழகாயிருந்து என்ன பயன்?

இங்கே ஒரு கேள்வி எழும். "உள்ளூர்க்காரர் என்பவர் யார்? தமிழ் பேசுபவரா? இங்கே பிறந்தவரா?" நல்ல கேள்வி. நம் புதுச்சேரி ஒரே துண்டாக அமைந்த நிலம் அன்று. காரைக்கால் காவிரிக் கழிமுகத்தில் இருக்கிறது. மாஹே கேரளக் கரையில் இருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கரையில் ஆந்திரத்துக்கு நடுவே இருக்கிறது. மலையாளம் பேசும் மாஹேச் சிறுவனும், தெலுங்கு பேசும் ஏனாம் சிறுமியும் நம்மவர்களே. ஜிப்மர் மருத்துவமனையில் பணியாற்ற வட நாட்டிலிருந்து வந்தவரின் குழந்தை, இங்கேயே படித்து, இங்கேயே ஆட்டம் பழகினால் அதுவும் நம் குழந்தையே.

இதற்கு ஸ்பெயின் நாட்டில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. பில்பாவோ நகரத்துக் கால்பந்துக் கழகமாகிய அத்லெதிக், நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ அங்கே ஆட்டம் பழகி வளர்ந்தவர்களையோ மட்டுமே சேர்த்துக் கொள்கிறது. எத்தனை கோடி கொடுத்தாலும் வெளியாரை வாங்குவதில்லை. கானா நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மக்களான வில்லியம்ஸ் சகோதரர் இருவர் அந்த அணியின் கண்மணிகளாய் விளங்குகின்றனர்! பிறப்பைவிட வளர்ப்பே அங்கு பெரிதென மதிக்கப்படுகிறது. இப்படிக் கட்டுப்பாட்டோடு இருந்தும், 1929-இல் ஸ்பெயின் லீக் தொடங்கிய காலத்திலிருந்து முதல் பிரிவைவிட்டு அவ்வணி ஒருமுறையும் இறங்கியதில்லை. 2024-இல் அரசர் கோப்பையையும், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வென்றது. சொந்தப் பிள்ளைகளை நம்பினால் தோல்விதான் மிஞ்சும் என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

ஒரு ரசிகை என்ற முறையில் தேர்வாளர்களுக்கு நான் வைக்கும் விண்ணப்பங்கள் நான்கு.

முதலாவது, விருந்தினர் மூவரையும் நமக்கு எது குறையோ அதைப் பார்த்து அழைக்க வேண்டும். வேகப் பந்து வீச்சில் குறையென்றால் வேகப் பந்து வீச்சாளர். நிலைத்து நின்று ஆடுவோர் இல்லையென்றால் அத்தகைய மட்டையாளர். பெரிய பெயர் என்பதற்காக மட்டும் எவரையும் அழைக்கலாகாது. வருபவர் பருவம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடாமல், சில வாரங்களாவது நம் சிறுவர் அணிகளுக்குக் கற்றுத் தர ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மற்ற எட்டு இடங்களும் இங்கே வளர்ந்து, இங்கே ஆடிப் பழகியவர்களுக்கே உரியவை. காகிதத்தில் ஒரு முகவரி இருந்தால் போதாது. அந்த முகவரியில் வாழ்க்கையும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தேர்வுக்கான ஆட்டங்கள் காரைக்காலிலும் மாஹேயிலும் ஏனாமிலும் நடைபெற வேண்டும். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்ற விவரம் எல்லோரும் காணும்படி வெளியிடப்பட வேண்டும். பரீட்சை எழுதிய மாணவிக்கு மதிப்பெண் பட்டியல் கொடுக்கிறோம் அல்லவா? ஆட்டத்தில் மட்டும் ஏன் ஒளிவு மறைவு?

நான்காவது, வயதையோ முன்பு ஒருமுறை தவறியதையோ காரணமாகக் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது. 2021 ஜனவரியில் நம் அணி மும்பையை அதன் சொந்த வான்கடே மைதானத்தில் 94 ஓட்டங்களில் சுருட்டி வென்றது. இருபதே ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்த சாந்தமூர்த்திக்கு அப்போது வயது 41! "இவருக்கு வயதாகிவிட்டது" என்று ஒதுக்கியிருந்தால் அந்த வெற்றி நமக்குக் கிட்டியிருக்குமா?

தோழியரே, இதெல்லாம் ஆண்களின் ஆட்டத்தைப் பற்றியது, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். புதுச்சேரிக்குப் பெண்கள் அணியும் உண்டு. ஆட வரும் பெண்கள் குறைவாயிருக்குமிடத்தில்தான் வெளியூராரைக் கொண்டு இடத்தை நிரப்பும் ஆசை எளிதில் தோன்றும். ஆகவே மேற்சொன்ன நான்கும் பெண்கள் அணிக்கு இரு மடங்கு தேவை.

2025 நவம்பர் 2-ஆம் நாள் நவி மும்பையில் நம் நாட்டுப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றினர். இறுதி ஆட்டத்தில் 87 ஓட்டங்கள் குவித்த ஷஃபாலி வர்மா, முதலில் அறிவிக்கப்பட்ட பதினைவரில் இல்லாதவர்; பிரதிகா ராவல் காயமுற்றதால் அரையிறுதிக்கு முன் அழைக்கப்பட்டவர். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காது நின்ற ஜெமிமா ரோட்ரிக்ஸ், அதே போட்டியில் ஓர் ஆட்டத்துக்கு அணியிலிருந்து நீக்கப்பட்டவர். பட்டியலில் பெயர் இல்லாதபோதும் இவர்கள் பயிற்சியைக் கைவிடவில்லை. தேர்வாளரும் கதவை அடைத்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் கோப்பை வந்தது.

"நம் பக்கத்துப் பெண்களால் முடியுமா?" என்று தயங்க வேண்டாம். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண்மணி, 2013-இல் அச்சாதனையைச் செய்த சென்னையின் திருஷ் காமினி. 2024 டிசம்பரில் நடந்த பெண்கள் லீக் ஏலத்தில் மதுரையின் கமலினியை மும்பை அணி ஒரு கோடியே அறுபது லட்சம் ரூபாய்க்கு எடுத்தபோது அவருக்கு வயது பதினாறு. நம்மில் பலருடைய வயது அது!

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. இடம் இருந்தும் பிள்ளையை அனுப்பாமல், "வெளியூராரே ஆடுகிறார்கள்" என்று குறை கூறுவதில் நியாயமில்லை. பெண் குழந்தை மாலையில் மைதானத்துக்குச் செல்வதைத் தடுத்துவிட்டுப் பட்டியலில் அவள் பெயரைத் தேடினால் கிடைக்குமா?

உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பினால் சில ஆண்டுகள் தோல்வி நேரலாம். நேரட்டும். வாழைக்கன்று வைத்த மறுநாளே தார் தள்ளுவதில்லை. வெளியிலிருந்து வாங்கிய வெற்றி அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும். இங்கே விளைந்த வெற்றியோ அடுத்த கன்றையும் ஈன்றுவிட்டுப் போகும். எனவே, வருகின்ற விருந்தினரை வாழ்த்தி வரவேற்போம். வீட்டாரின் எட்டு இடங்களையும் விழிப்போடு காப்போம். அவ்விடங்களில் அமரத் தகுதியுடையவர்களாக நம்மை நாமே ஆக்கிக் கொள்வோம்!