தூண்டிலும் வானூர்தியும்

கோடை விடுமுறைக்குத் தாமிரபரணிக் கரைக்கும் காவிரிக் கரைக்கும் செல்லும் நம் சங்கத்துப் பிள்ளைகளுள் சிலர் தூண்டிலையும் உடன் கொண்டுபோக விரும்புவர். புகைவண்டியில் செல்வோர்க்கு இதில் இடர் குறைவு. படுக்கை வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிச் சுமை கொண்டு செல்லலாம். லோகேகாவில் வானூர்தி ஏறுவோர்க்கோ கணக்கு வேறு. உள்நாட்டுப் பயணத்தில் ஒப்படைக்கும் பெட்டி பெரும்பாலும் 15 கிலோ, கைப்பை 7 கிலோ.

முதற்கண் முள்ளைப் பற்றிக் கூறுவோம். கூரிய பொருளைக் கைப்பையில் வைத்தல் ஆகாது. ஆகவே தூண்டில் முள், கத்தி ஆகியவை ஒப்படைக்கும் பெட்டிக்கே உரியவை. அதிலும் வெறுமனே போட்டுவிடலாகாது. முள்ளின் நுனியருகே பின்னோக்கிய சிறு கூர் ஒன்று உண்டு. எனவே அது சதையுள் எளிதில் புகும், எளிதில் வெளிவராது. பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரும் பிள்ளைகுட்டிக்காரர் அல்லரோ? ஒவ்வொரு முள்ளையும் தக்கையில் குத்தி, இறுக மூடும் தகரப் பெட்டியில் இடுவதே முறை.

அடுத்தது கோல். 7 அடிக் கோல் இரு துண்டாயின் ஒவ்வொன்றும் மூன்றரை அடி இருக்கும், 55 செ.மீ. நீளக் கைப்பையில் அடங்காது. நான்கு துண்டாயின் ஏறத்தாழ அடங்கும். எனினும் உள்ளே விடுவதும் மறுப்பதும் சோதனையாளர் முடிவைப் பொறுத்தவை. கடினமான பிளாஸ்டிக் குழாயில் கோலை இட்டு, இரு முனையையும் மூடி, பெயரெழுதி ஒப்படைத்தல் நன்று. குழாயின் நீளத்தை முன்னரே நிறுவனத்திடம் கூறிக் கேட்டுக்கொள்க. ஈயக் குண்டுகளை ஊரிலேயே வாங்கினால் எடை மிஞ்சும். மின்கலச் சேமிப்பான் இருப்பின், அதனை மட்டும் கைப்பையில் வைத்தல் வேண்டும்.

இவ்வூர்க் குளங்களிலும் அணைநீரிலும் தூண்டிலிட விரும்புவோர் முன்னதாக அனுமதி பெறுக. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மகசீர் மீனின் தக்காண இனத்தை, புனேயருகே ஓடும் மூலா-முட்டா ஆற்று மீனைக் கொண்டே 1839இல் கர்னல் சைக்ஸ் உலகுக்கு அறிவித்தார். முட்டையிட ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறும் இயல்புடைய இம்மீன், அணைகள் வழிமறித்தமையாலும், மாந்தர் வெடியிட்டும் நஞ்சிட்டும் பிடித்தமையாலும் பல ஆறுகளில் குன்றியது. அதைப் பெருக்குதற்கு லோணாவளாவில் டாட்டா மின் நிறுவனத்தார் 1970களில் ஒரு பண்ணை நடத்தினர். அங்குப் பணியாற்றிய குல்கர்ணி, ஓகலே என்னும் அறிஞர் இருவர், மகசீர் முட்டைகளை ஈரப் பஞ்சில் பொதிந்து வானூர்தியில் அனுப்பும் முறையை 1979இல் அறிவியல் ஏடொன்றில் வெளியிட்டனர். தண்ணீர்க் கலத்தின் சுமையின்றித் தொலைவூர்களுக்கும் அம்மீனை அனுப்ப அது வழி காட்டியது.

அவ்வளவு பாடுபட்டுக் காக்கப்பட்ட மீன் தூண்டிலில் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி நீரிலேயே விட்டுவிடுமாறு பெற்றோர் தம் மக்களுக்குச் சொல்லிவைப்பார்களாக.