வரைபடத்தைக் கண்டு ஏன் பயம்?

கிராஃப் என்றாலே நமக்கு மார்க் வாங்கும் கேள்வி, அவ்வளவுதான். காரணிப்படுத்துறது தனி, கிராஃப் தனின்னு நினைக்கிறோம். இரண்டும் ஒன்றே என்பது என் கருத்து.

எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4-ஐ வரைந்து பாருங்கள். வளைகோடு எக்ஸ் அச்சை −2, 2 என இரண்டு இடத்தில் வெட்டும். அவைதான் அதன் பூச்சியங்கள். அந்த மைனஸ் 4-ஐ எடுத்துவிட்டால், அதே வளைகோடு மேலேறி, 0-வில் அச்சைத் தொட்டுட்டுத் திரும்பிடும். பிளஸ் 4 போட்டாலோ அச்சைத் தொடவே தொடாது. மெய்யெண்களில் பூச்சியமே கிடையாது. காரணி வரலைன்னு கணக்கை அடிச்சு அடிச்சு எழுதுறவங்களுக்கு, ஏன் வரலைன்னு படம் சொல்லிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரணிப்படுத்தக் கற்றுத்தரும் அன்றே, பக்கத்தில் வளைகோட்டையும் வரைந்து காட்டுங்கள். சூத்திரம் மறந்தாலும் படம் மனசில் நிற்கும்!