முழுக் கட்டணம் கட்டுவது யார்?

அமேசான் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் சேவையில் ‘சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்’ சான்றிதழ் வாங்க வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் 150 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்து, 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 15,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நெட்வொர்க்கிங் வேலை தேடுகிறவர்கள் எழுதும் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 டாலர். வரியோடு 30,000 ரூபாய்க்கு மேல். ஃபெயில் ஆனால் கட்டிய பணம் போனதுதான். மறுபடி எழுத மறுபடியும் கட்ட வேண்டும்.

இந்தக் கட்டணத்தை எல்லோரும் ஒரே மாதிரி கட்டுவதில்லை. பெரிய ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் நிறுவனமே வவுச்சர் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் பாஸான பிறகு பணத்தைத் திருப்பித் தருகிறது. கையிலிருந்து முழுத்தொகை கட்டுவது வேலை இன்னும் கிடைக்காதவர்கள். கிராமத்துப் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, சென்னையில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கி இன்டர்வியூவுக்கு அலைகிற பையன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்பி வர நினைக்கிற பெண். இருக்கிற சலுகைகள் இவர்கள் காதுக்கு வந்து சேருவதில்லை என்பதுதான் பெரிய அநியாயம்.

சலுகைகள் நிறையவே இருக்கின்றன. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒரு தேர்வில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணம்தான். ஆனால் இந்தச் சலுகையை வைத்தும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பல பயிற்சி மையங்கள் முதலில் 100 டாலர் ‘கிளவுட் பிராக்டிஷனர்’, அதற்கப்புறம் அசோசியேட் என்று வரிசை சொல்கின்றன. அப்படி எழுதினால் 100, பிறகு பாதி விலையில் 75, ஆக 175 டாலர். நேரடியாக அசோசியேட் எழுதினால் 150. கீழ்த்தேர்வை முடித்துவிட்டுத்தான் மேல்தேர்வுக்கு வர வேண்டும் என்ற விதியை அமேசான் 2018-லேயே நீக்கிவிட்டது. தேர்வு பயம் உள்ளவருக்கு முதல் படி உதவலாம். லினக்ஸும் நெட்வொர்க்கும் ஓரளவு தெரிந்தவர் அந்த 25 டாலரை மிச்சம் பிடிக்கலாம்.

இன்னொரு சலுகைக்குக் காசே கிடையாது; தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு அது மிகவும் உதவும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது ஏ.டபிள்யூ.எஸ். கூடுதலாக 30 நிமிடம் தருகிறது. அசோசியேட் தேர்வின் நேரம் 130 நிமிடம். கேட்டு வாங்கினால் 160. ஒவ்வொரு கேள்வியும் ஒரு பத்தி நீளத்துக்கு ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லி, கடைசி வரியில் ‘செலவு குறைவான வழி எது’ என்றோ ‘பராமரிப்பு வேலை குறைவான வழி எது’ என்றோ கேட்கும். அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் விடை மாறிவிடும். இரண்டாம் தடவை நிதானமாகப் படிக்க நேரம் கிடைப்பவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் பல பேருக்கு 15,000 ரூபாய். ஒரே ஒரு நிபந்தனை: தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே இணையக் கணக்கில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். பதிவு செய்த பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குச் செல்லாது.

மைக்ரோசாஃப்ட் இந்த விஷயத்தில் பாராட்டத்தக்கது. தேர்வு எழுதும் நாட்டைப் பொறுத்துக் கட்டணம் வைக்கிறது. அமெரிக்காவில் 99 டாலருக்கு நடக்கும், அதன் கிளவுட் சேவையான அஷூரின் அடிப்படைத் தேர்வு இந்தியாவில் ஏறக்குறைய பாதி விலைதான். மைக்ரோசாஃப்டின் அசோசியேட் நிலைச் சான்றிதழ்களை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, வீட்டில் உட்கார்ந்து குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே இணையத்தில் எழுதலாம். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே வாய்ப்பு திறந்துவிடும். மறந்துபோய் கெடு தாண்டிவிட்டால் முதலிலிருந்து பணம் கட்டி எழுத வேண்டியதுதான். ஒரு நாட்டின் சம்பள நிலவரத்துக்கு ஏற்ப விலை வைக்க ஒரு நிறுவனத்தால் முடிகிறதென்றால் மற்றவர்களாலும் முடியும். சியாட்டிலில் வேலை பார்ப்பவருக்கும் சிவகங்கையில் வேலை தேடுபவருக்கும் ஒரே டாலர் கட்டணம் என்பதை நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி வழியாகப் படிக்கிறவர்கள் சி.சி.என்.ஏ. பாடத்தின் மூன்று பிரிவுகளையும் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் தேர்வுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. பயிற்சிக்கான பாக்கெட் டிரேசர் மென்பொருளும் இலவசம். கிளவுட் வேலைகளில் பயன்படும் குபெர்னெட்டீஸ் மென்பொருளின் நிர்வாகிக்கான சி.கே.ஏ. தேர்வுக் கட்டணத்துக்குள்ளேயே ஒரு மறுதேர்வும் அடங்கியிருக்கிறது. நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் சைபர் மண்டே தள்ளுபடி வரை பொறுத்தால் விலையும் இறங்கும். ‘இலவசம்’ என்று வருவதையும் முழுசாகப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.சி.2 அமைப்பு 2022-ல் சைபர் பாதுகாப்பின் தொடக்கநிலைத் தேர்வைப் பத்து லட்சம் பேருக்கு இலவசமாக நடத்துவதாக அறிவித்தது. ஆனால் தேர்வில் தேறியவர் சான்றிதழைத் தக்கவைக்க வருடத்துக்கு 50 டாலர் சந்தா கட்ட வேண்டும்.

தேர்வை எங்கே எழுதுவது என்பதிலும் பணம் இருக்கிறது. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றதும் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறையின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மேசையில் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. நடுவில் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலும் தேர்வு ரத்தாகலாம். கரன்ட் போனாலோ, இணையம் அறுந்தாலோ பிறகு கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்ட வேண்டும். தனி அறையும் இன்வெர்ட்டரும் இல்லாத வீட்டில் இருப்பவருக்குத் தேர்வு மையம்தான் நல்லது. கட்டணம் ஒன்றுதான், பஸ் செலவு மட்டும் கூடும்.

பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து டெலிகிராம் குழுக்களில் ‘டம்ப்ஸ்’ வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். திருடப்பட்ட கேள்விகளை மனப்பாடம் செய்து எழுதுவது கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிபோகும், மேற்கொண்டு தேர்வு எழுதவும் தடை வரும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் டெக்னிக்கல் ரவுண்டில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

எல்லா வேலைக்கும் இந்தச் சான்றிதழ்கள் தேவையுமில்லை. புரோகிராமர் வேலைக்குப் போகிறவருக்கு, சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் தளத்தில் நடத்தும் பைத்தான் பாடம் அடித்தளத்தை உறுதியாக்கும். பாடம் இலவசம், விரும்பினால் எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய்தான்.

தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சிகளை இலவசமாகக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல தொடக்கம். அடுத்தபடியாக, கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டவர்களையும் பார்க்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருகின்றன. அதே இடத்தில் ஐ.டி. சான்றிதழ்த் தேர்வுகளுக்கும் வழிகாட்டலாம்: எந்த வேலைக்கு எந்தத் தேர்வு, எந்தச் சலுகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று சொல்ல ஓர் ஆள், வாரத்துக்கு ஒரு நாள் போதும். வேலையில்லாதவர் தேர்வில் தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். ஐ.டி. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு இதைத்தான் செய்துவருகின்றன.